உட்கருவுக்குள் பிப்2: ஒரு சாயமிடல் பதிவு

ஃபாஸ்ஃபாடிடைல் இனாசிட்டால் 4,5-பிஸ்ஃபாஸ்ஃபேட் என்ற பெயரை ஆய்வகத்தில் யாரும் முழுமையாகச் சொல்வதில்லை. பிப்2 என்றுதான் சொல்கிறோம். செல் சவ்வின் உள்ளடுக்கில் இருந்துகொண்டு, வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளை உள்ளே கடத்த உதவும் லிப்பிட், அதாவது கொழுப்பு வகை மூலக்கூறு, அது. அதே லிப்பிட் உட்கருவுக்குள், சவ்வே இல்லாத இடத்திலும் இருக்கிறது என்று 1998-இல் பொரோனென்கோவ், ஆண்டர்சன் முதலானோர் காட்டினார்கள். ஆர்.என்.ஏ.-வை வெட்டி ஒட்டும் புரதங்கள் குவிந்து கிடக்கும் ‘ஸ்பெக்கிள்’ என்னும் திட்டுகளில் பிப்2-வும், அதை உண்டாக்கும் கைனேஸ் நொதிகளும் அவர்களுக்குத் தென்பட்டன. அந்தப் படத்தை எங்கள் செல்களிலும் எடுக்க வேண்டும் என்பதே வேலை. படம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒளிரும் புள்ளியைப் பெறுவதற்கு ஆன உழைப்பைவிட, அந்தப் புள்ளி எதனால் மறைகிறது, எதனால் மறையவில்லை என்று பார்ப்பதற்கு ஆன உழைப்பே அதிகம் என்பதால், இந்தப் பதிவிலும் அந்தப் பகுதியே நீண்டிருக்கும்.

செல்களாக யு2ஓஎஸ் என்னும் மனித எலும்புப் புற்றுச் செல்களை எடுத்துக்கொண்டேன். அவை தட்டையாகப் படர்பவை, உட்கருவும் பெரியது. குவியத்தளத்தை ஒரே இடத்தில் வைத்துப் பெரும்பாலான ஸ்பெக்கிள்களைப் பார்த்துவிடலாம். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கவர் ஸ்லிப்புகளில் 1.5 எண் கொண்டவை, அதாவது ஏறத்தாழ 170 மைக்ரோமீட்டர் தடிமன் உள்ளவை வேண்டும். உயர்துளை எண்ணெய் லென்சுகள் அந்தத் தடிமனுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. 1 எண் கவர் ஸ்லிப் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் படம் மங்கும். கவர் ஸ்லிப்புகளை ஓரிரவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, பலமுறை நீரில் அலசி, எத்தனாலில் போட்டு வைத்தேன். பாலிலைசின் பூசவில்லை. நேர்மின்னூட்டம் கொண்ட அந்தப் பூச்சு, எதிர்மின்னூட்டம் மிகுந்த பிப்2-வைத் தேடும் வேலையில் கண்ணாடியின் மேலேயே தேவையற்ற பின்னணியைக் கூட்டக்கூடும் என்று தோன்றியது. யு2ஓஎஸ் செல்கள் பூச்சு இல்லாமலே நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. 24 குழித் தட்டில் குழிக்கு 35,000 செல்கள் விட்டால் மறுநாள் பாதி நிரம்பியிருக்கும்.

பஃபராக, பைப்ஸ் 60, ஹெப்பிஸ் 25, இஜிடிஏ 10, மெக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார் கொண்ட கரைசலை பிஹெச் 6.9-இல் தயாரித்துக்கொண்டேன். இதில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் இஜிடிஏ முக்கியம். கால்சியம் மிஞ்சியிருந்தால் பிப்2-வை உடைக்கும் ஃபாஸ்ஃபோலைபேஸ் சி நொதிகள் செல்லைப் பதப்படுத்தும் தறுவாயிலேயே விழித்துக்கொள்ளும். பைப்ஸ் தூளை நீரில் போட்டதும் கரையாமல் சுண்ணாம்புத் தண்ணீர்போல வெளுத்து நிற்கும். எவ்வளவு கலக்கினாலும் பயனில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாக விட்டு, பிஹெச் 6-ஐத் தாண்டும்போது சட்டென்று தெளியும். பின்னணியைத் தணிக்கச் சேர்க்கும் ஆல்புமின் கொழுப்பமிலம் நீக்கியதாக இருக்க வேண்டும். சாதாரண ஆல்புமின் தன்னோடு லிப்பிட்களைச் சுமந்து வருவது; லிப்பிட்டைத் தேடும் சோதனையில் அதைக் கொட்டுவது சரியல்ல.

பிப்2-வை அடையாளம் காண 2சி11 என்னும் எலி எதிர்ப்பொருளைப் பயன்படுத்தினேன். இது ஐஜிஎம் வகையைச் சேர்ந்தது. ஐஜிஎம் என்றால் ஏறக்குறைய 900 கிலோடால்டன் எடை, பத்துப் பிணைப்பிடங்கள். வழக்கமான ஐஜிஜி-யைப்போல ஆறு மடங்கு பெரியது. எனவே உட்கருவுக்குள் அது புகுவதற்கே நேரம் பிடிக்கும். இந்த ஒரு பண்பிலிருந்தே பின்னால் வந்த சிக்கல்களில் பாதி பிறந்தன.

முதல் சுற்றில் 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் அறை வெப்பத்தில் 20 நிமிடம் பதப்படுத்தி, 50 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடால் மிச்ச ஆல்டிஹைடைத் தணித்து, 20 மைக்ரோமோலார் டிஜிடோனினை 5 நிமிடம் விட்டேன். லிப்பிட் சாயமிடும் செய்முறைகளில் டிஜிடோனின் அதிகம் சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு: அது கொலஸ்ட்ராலைப் பிடித்துத் துளையிடுவதால், மற்ற டிடர்ஜென்ட்கள்போலச் சவ்வு லிப்பிட்களை ஒட்டுமொத்தமாக வழித்துக்கொண்டு போவதில்லை. படத்தில் செல்லின் விளிம்பிலும் சைட்டோபிளாசத்திலும் மங்கலான ஒளி. உட்கருவோ கரிக்கட்டிபோல இருண்டிருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால், யு2ஓஎஸ் செல்லின் உட்கருவில் பிப்2 இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்துக் குழியில் லாமின் ஏ/சி-க்கான எதிர்ப்பொருளையும் போட்டிருந்தேன். லாமின் உட்கரு உறையின் உட்புறத்தில் இருக்கும் புரதம். ஒவ்வொரு செல்லிலும் அது கட்டாயம் வளையமாக ஒளிர வேண்டும். அந்த வளையமும் பெரும்பாலான செல்களில் இல்லை. உட்கரு உறையில் கொலஸ்ட்ரால் குறைவு என்பதால் டிஜிடோனின் அதைத் துளைக்கவில்லை. எதிர்ப்பொருள் உள்ளே போகவே இல்லை. உட்கருவுக்குள் எதைத் தேடினாலும், ‘இல்லை’ என்று சொல்லுமுன் லாமின் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பதை அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுதியிலும் வைத்திருக்கிறேன். ஒரு கவர் ஸ்லிப் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

அடுத்து டிரைட்டான் எக்ஸ்-100 என்னும் டிடர்ஜென்ட். 0.1 சதவீதத்தில் 10 நிமிடம் விட்டபோது சில உட்கருக்கள் ஒளிர்ந்தன, சில ஒளிரவில்லை. லாமின் வளையமும் அதே ஒழுங்கின்மையைக் காட்டியது. 0.25 சதவீதத்தில் எல்லாச் செல்களிலும் உட்கருவுக்குள் ஒழுங்கற்ற விளிம்புள்ள திட்டுகள் தெளிவாக எழுந்தன. 0.5 சதவீதத்துக்கு ஏற்றினாலும் அந்தத் திட்டுகள் குறையவில்லை. செல் சவ்வின் ஒளிதான் ஏறத்தாழ முழுவதும் கழுவிப்போனது. லிப்பிட் ஒன்று டிடர்ஜென்ட்டுக்கு அசையாமல் நிற்பது முதலில் பார்ப்பவருக்கு ஐயத்தைத் தரும். ஆனால் உட்கரு பிப்2-வின் வரலாறே அதில்தான் தொடங்குகிறது: 1987-இல் லூசியோ கொக்கோ, ராபின் இர்வைன் முதலானோர் ஃப்ரெண்ட் செல்கள் எனப்படும் எலி இரத்தப் புற்றுச் செல்களின் உட்கருக்களைப் பிரித்து, டிடர்ஜென்ட்டால் உறையைக் களைந்த பிறகும் அவை கதிரியக்க ஏடிபி-யைக் கொண்டு இந்த லிப்பிட்களை உண்டாக்குவதைக் கண்டார்கள். உட்கருவில் பிப்2 சவ்வாக விரிந்திருக்கவில்லை, புரதங்களோடு சேர்ந்தே இருக்கிறது என்று கொண்டால்தான் இது பொருந்தும்.

இதன் பிறகு, இரண்டு சாயங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்ட நான் எடுத்த இணைப்படம் மிக அழகாக இருந்தது. அந்த அழகே பிழைக்கு அடையாளம். ஸ்பெக்கிளைக் காட்ட எஸ்சி35 என்னும் எலி ஐஜிஜி எதிர்ப்பொருளைச் சேர்த்திருந்தேன். பச்சையும் சிவப்பும் ஒரு பிக்சல்கூடப் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. உண்மையான இரண்டு பொருள்கள் அப்படி விழுவதில்லை. 2சி11-ஐ மட்டும் போட்டு, எலி ஐஜிஜி-க்கான இரண்டாம்நிலை எதிர்ப்பொருளை (முதல் எதிர்ப்பொருளைப் பிடித்து ஒளிரச் செய்வது) மட்டும் சேர்த்த கவர் ஸ்லிப்பிலும் திட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. கனச்சங்கிலி, இலேசுச்சங்கிலி இரண்டையும் பிடிக்கும் பொதுவகை இரண்டாம்நிலை எதிர்ப்பொருள் அது. இலேசுச்சங்கிலி ஐஜிஎம்-மிலும் ஐஜிஜி-யிலும் பொதுவானது. ஆகவே ஐஜிஎம்-மின் கனச்சங்கிலியான மியூவை மட்டும் பிடிக்கும் இரண்டாம்நிலையைத் தனியாக வாங்கினேன். எஸ்சி35-ஐயும் கைவிட்டு, முயலிலிருந்து எடுத்த சான் புரத எதிர்ப்பொருளுக்கு மாறினேன். சான் ஸ்பெக்கிளின் மையக் கட்டமைப்புப் புரதம். எஸ்சி35 எதிர்ப்பொருள் முதன்மையாகப் பிடிப்பது தன் பெயருக்குரிய புரதத்தை அன்று, எஸ்ஆர்ஆர்எம்2 என்னும் வேறொரு பெரும்புரதத்தை என்று 2020-இல் தெரியவந்தது. ஸ்பெக்கிளைக் காட்டுவதற்கு அதனால் குறையொன்றும் இல்லை. ஆனாலும் ஏற்கெனவே இரண்டு எலி எதிர்ப்பொருள்களோடு மல்லாடியபின் அதை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மாற்றியபின் கிடைத்த இணைப்படம் முன்னதைப்போல் அழகாக இல்லை. பிப்2 திட்டுகளில் பெரும்பாலானவை சான் திட்டுகளோடு சேர்ந்திருந்தன, ஆனால் விளிம்புகள் பொருந்தவில்லை. சில இடங்களில் சான் நடுவிலும் பிப்2 சற்று அகன்றும் இருந்தன. திட்டுகளுக்கு வெளியே உட்கரு முழுவதும் நுண்புள்ளிகளும் தூவியிருந்தன. இரண்டு நிறங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் பியர்சன் குணகம், உட்கரு எல்லைக்குள் மட்டும் கணக்கிட்டபோது, 0.6-ஐ ஒட்டி வந்தது. இந்த எண்ணைத் தனியாக நம்பக்கூடாது. இரண்டு சாயங்களும் உட்கருமணிக்குள் போவதில்லை; அந்த இருண்ட ஓட்டை ஒன்றே குணகத்தை ஓரளவு உயர்த்திவிடும். ஒரு நிறத்தின் படத்தை 90 பாகை திருப்பி மீண்டும் கணக்கிட்டபோது 0.1 முதல் 0.2 வரை வந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பொருளுள்ளது.

படம் எடுத்தது 63 மடங்கு, 1.4 துளையளவுள்ள எண்ணெய் லென்சில். பிக்சல் 70 நானோமீட்டர், அடுக்குக்கு அடுக்கு 0.3 மைக்ரோமீட்டர், நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் முறையில். தூவலாகத் தெரிந்த நுண்புள்ளிகளை நான் எண்ணவோ அளக்கவோ இல்லை. உட்கரு லிப்பிட் தீவுகள் என்று பிராக் நகரில் பாவெல் ஹொசாக் குழுவினர் 2018-இல் விவரித்தவை 40 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ளவை. எங்கள் கருவியில் அவை எல்லாமே 200 நானோமீட்டருக்குக் குறையாத ஒரே மாதிரிப் புள்ளியாகத்தான் தெரியும்.

இனி, ஒளிர்வது பிப்2-தானா என்ற கேள்வி. எதிர்ப்பொருளுக்கு முன்கூட்டியே பிப்2-வை ஊட்டிவிட்டால் அது செல்லில் ஒட்டக்கூடாது. முதலில் நீரில் கரையும் குறுஞ்சங்கிலி பிப்2-வை 10 மைக்ரோமோலார் அளவில் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தேன். ஒளி சற்றே குறைந்தது, அவ்வளவுதான். ஐஜிஎம் தனது பத்துக் கைகளால் ஒரே நேரத்தில் பல மூலக்கூறுகளைப் பற்றுவது; தனித்தனியாக மிதக்கும் மூலக்கூறு அதோடு போட்டியிட முடியாது. எனவே பிப்2-வைச் சவ்வில் பதித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட சவ்வாலான நுண்குமிழிதான் லிப்போசோம்; அதைச் செய்வது தனிக் கலை. பன்றி மூளையிலிருந்து பிரித்த பிப்2 கண்ணாடி ஆம்பியூலில் வருகிறது. அதைக் குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் மூன்றையும் 20:9:1 விகிதத்தில் கலந்த கரைப்பானில் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் முனையுள்ள பிப்பெட் இதற்கு உதவாது: குளோரோஃபார்ம் முனையிலிருந்து தானாகவே சொட்டிக்கொண்டே போகும், பிளாஸ்டிக்கையும் கரைத்துக்கொண்டு வரும். கண்ணாடிச் சிரிஞ்சு கட்டாயம். சாதாரணச் சவ்வு லிப்பிட்டான ஃபாஸ்ஃபாடிடைல்கோலின் 95 பங்கும் பிப்2 5 பங்கும் கலந்து, நைட்ரஜன் காற்றை மெதுவாக ஊதிக் கண்ணாடிக் குழாயின் சுவரில் மெல்லிய படலமாக உலர்த்தி, வெற்றிடத்தில் இரண்டு மணி நேரம் வைத்து, பஃபரில் நனைத்து, 100 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் தாளின் வழியே முன்னும் பின்னுமாகத் தள்ளினேன். தள்ளும் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். அப்போதுதான் தாளைக் கடந்த கரைசல் எதிர்ப்பக்கச் சிரிஞ்சில் முடியும், முதல் சிரிஞ்சில் தங்கிய கட்டிகள் கலக்காது. கலங்கல் படிப்படியாகக் குறைந்து, இறுதியில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இலேசான நீலச்சாயல் தெரிந்தது.

மொத்த லிப்பிட் 1 மில்லிமோலாராக இருக்கும் லிப்போசோமை ஐந்தில் ஒரு பங்காகச் சேர்த்தால், எதிர்ப்பொருள் கரைசலில் பிப்2 10 மைக்ரோமோலார் ஆகும். அதில் வெளியடுக்கில் இருக்கும் பாதியே எட்டக்கூடியது. மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஐஜிஎம்-மின் பிணைப்பிடங்களோடு ஒப்பிட்டால் அது நூறு மடங்கு அளவில் மிகுதி. ஆனாலும் முதல் தடவை ஒரு மாற்றமும் இல்லை. எதிர்ப்பொருளைக் கரைக்கும் பஃபரில் பின்னணியைக் குறைப்பதற்காக வழக்கம்போல 0.1 சதவீத டிரைட்டான் இருந்தது. அது லிப்போசோம்களை உடைத்துக் கரைத்துவிட்டிருந்தது. டிரைட்டானை நீக்கி, செல்களையும் நான்கு முறை கழுவிய பிறகு, பிப்2 லிப்போசோம் ஊட்டிய எதிர்ப்பொருளில் ஸ்பெக்கிள் ஒளி முற்றிலும் அடங்கியது. கண்ணாடியில் ஒட்டிய லிப்போசோம்களின் சிறு புள்ளிகள் செல்லுக்கு வெளியே மட்டும் மினுங்கின. ஃபாஸ்ஃபாடிடைல்கோலின் மட்டும் உள்ள லிப்போசோமும், பிப்2-வைவிட ஒரு ஃபாஸ்ஃபேட் குறைந்த பிஐ4பி பதித்த லிப்போசோமும் ஒளியைக் குறைக்கவில்லை. ஒரு ஃபாஸ்ஃபேட் கூடிய பிப்3-ஐச் சோதிக்கவில்லை, அதை வாங்க நிதி மிச்சமில்லை.

இந்தச் சோதனைக்கு மிகையான மதிப்புக் கொடுக்கப்படுகிறது என்பது என் கருத்து. எதிர்ப்பொருள் பிப்2-வைப் பிடிக்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. செல்லுக்குள் அது பிடித்திருப்பது பிப்2-தான் என்று சொல்லவில்லை. ஸ்பெக்கிள்கள் ஃபாஸ்ஃபேட் ஏறிய செரின்களும் ஆர்.என்.ஏ.-வும் நிரம்பிய இடம். ஃபாஸ்ஃபேட் கொத்தை அடையாளம் காணும் எந்த எதிர்ப்பொருளும் அங்கே வழுக்கி விழலாம். ஆகவே வேறுவகையான ஒரு கருவி வேண்டும். ஃபாஸ்ஃபோலைபேஸ் சி டெல்டா-1 நொதியில் பிப்2-வைப் பிடிக்கும் பகுதியான பிஹெச் களத்தை (அமில அளவான பிஹெச் அன்று, பிளெக்ஸ்ட்ரின் ஹோமாலஜி என்பதன் சுருக்கம்) ஜிஎஸ்டி என்னும் அடையாளப் புரதத்தோடு இணைத்து ஈ.கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, பதப்படுத்திய செல்களின்மேல் ஊற்றி, ஜிஎஸ்டி எதிர்ப்பொருளால் கண்டறிந்தேன். கூடவே, 40-ஆம் இடத்து ஆர்ஜினின் லியூசினாக மாற்றப்பட்ட, பிப்2-வைப் பிடிக்க முடியாத வடிவத்தையும் அதே செறிவில் போட்டேன். இயல்பான களம் ஸ்பெக்கிள்களில் மங்கலாக, ஆனால் ஐயமின்றி ஒளிர்ந்தது. மாற்றிய களம் உட்கரு முழுவதும் சீரான மூடுபனியாக இருந்தது. நியோமைசினால் மறைக்கும் சோதனையையும் செய்தேன், ஒளி பாதியாயிற்று; ஆனால் நேர்மின்னூட்டமுள்ள நியோமைசின் ஆர்.என்.ஏ.-வோடும் ஒட்டும் என்பதால் அதைச் சான்றாகக் காட்டப்போவதில்லை.

மிக நெருடலான கேள்வி வேறு. ஃபார்மால்டிஹைடு அமீன் தொகுதிகளைப் பிடித்துத்தான் கட்டுகிறது. பிப்2-வில் அமீன் இல்லை. பதப்படுத்திய செல்லிலும் சவ்வு லிப்பிட்கள் நகர்ந்துகொண்டிருக்கும் என்பது 2010 முதலே ஆவணப்பட்ட செய்தி. அப்படியானால் டிரைட்டான் செல் சவ்வின் பிப்2-வைக் கரைத்து எடுத்துவந்து ஸ்பெக்கிளில் படியவைத்திருக்கக் கூடாதா? குளூட்டரால்டிஹைடு 0.2 சதவீதம் சேர்த்து இறுக்கிப் பார்த்தது உதவவில்லை. பச்சை நிறத்தில் செல் முழுவதும் தானாக ஒளிரத் தொடங்கியது. அதைத் தணிக்க மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சோடியம் போரோஹைட்ரைடு விட்டால், கவர் ஸ்லிப்பின் அடியில் குமிழிகள் திரண்டு அதைத் தூக்கிக் கவிழ்த்தன. தப்பிய கவர் ஸ்லிப்புகளிலோ ஐஜிஎம் உட்கருவுக்குள் சரியாக நுழையவில்லை. லாமின் வளையம் நன்றாக இருந்தும் இந்தப் பெரிய எதிர்ப்பொருள் மட்டும் தடைப்பட்டது.

கடைசியில் மலிவான வழி ஒன்று கைகொடுத்தது. பதப்படுத்துவதற்கு முன்பே செல் சவ்வின் பிப்2-வைக் குறைத்துவிட்டால், பின்னால் இடம்பெயர்வதற்கு ஒன்றும் இராது. பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தோடு இணைத்த பிஹெச் களம் உயிருள்ள செல்லில் சவ்வின் விளிம்பை ஒளிரச் செய்யும். கால்சியம் உள்ள ஊடகத்தில், அதைச் செல்லுக்குள் கடத்தி ஃபாஸ்ஃபோலைபேஸ் சி-யை எழுப்பும் அயனோமைசினை 10 மைக்ரோமோலார் விட்டதும் ஓரிரு நிமிடங்களில் அந்த விளிம்பு கலைந்து ஒளி சைட்டோபிளாசத்துக்குள் பரவியது. அந்த நிலையிலேயே பதப்படுத்திச் சாயமிட்டபோது ஸ்பெக்கிள் ஒளியில் கண்ணுக்கோ அளவீட்டுக்கோ தெரியும் மாற்றமில்லை. கால்சியம் உட்கருவுக்குள்ளும் போகும் என்பதால் இது தூய்மையான சோதனையன்று. ஆனாலும் சவ்விலிருந்து வழிந்து வந்தது என்ற விளக்கம் இதோடு ஒத்துப்போகவில்லை. அதே ஜிஎஃப்பி-பிஹெச் களம் உயிருள்ள செல்லின் ஸ்பெக்கிளில் ஒருபோதும் தெரிவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே பிப்2-வின் தலை வேறு புரதங்களால் மூடியிருக்கிறது, டிடர்ஜென்ட்தான் அதைத் திறந்துவிடுகிறது என்ற விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஏற்காதவர்களோடு சண்டையிட என்னிடம் சான்று போதாது.

டிஆர்பி என்னும் தடுப்பு மருந்தை 100 மைக்ரோமோலார் அளவில் இரண்டு மணி நேரம் விட்டு ஆர்.என்.ஏ. படியெடுத்தலை நிறுத்தியபோது, ஸ்பெக்கிள்கள் உருண்டு பெருத்தன. பிப்2-வும் அவற்றோடு உருண்டது. 1998 ஆய்வில் சொன்னபடியே நடந்ததால் இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

செலவு: 2சி11 எதிர்ப்பொருள் 100 மைக்ரோகிராமுக்கு ஏறத்தாழ 40,000 ரூபாய் ஆயிற்று, பனிக்கட்டியில் வந்து சேர்வதற்கான காத்திருப்பு தனி. குழியிலேயே 250 மைக்ரோலிட்டர் விட்டுச் சாயமிட்டால் ஒரு கவர் ஸ்லிப்புக்கு 500 ரூபாய் எதிர்ப்பொருளுக்கே போகும். பாராஃபிலிமின்மேல் 30 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, கவர் ஸ்லிப்பைச் செல்கள் கீழ்நோக்கும்படி கவிழ்த்து, ஈரத்தாள் வைத்த பெட்டியில் 4 டிகிரி செல்சியசில் ஓரிரவு வைத்தால் 60 ரூபாயில் முடிகிறது, பின்னணியும் குறைவு. எதிர்ப்பொருளைச் சொட்டு வைக்குமுன் 20,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். ஐஜிஎம் எளிதில் திரளும், அந்தத் திரள்கள் உட்கருவின்மேல் விழுந்தால் லிப்பிட் தீவுபோலவே ஏமாற்றும். பிப்2 லிப்பிட் ஒரு மில்லிகிராம் 25,000 ரூபாய்க்குச் சற்று மேல். பிரித்த ஆம்பியூலை ஆர்கான் நிரப்பி, டெஃப்லான் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் மைனஸ் 20-இல் வைத்திருக்கிறேன்.

அடுத்த சுற்றில் வரிசையை மாற்றுவேன். எந்த இணைப்படமும் எடுக்குமுன், ஒவ்வொரு முதன்மை எதிர்ப்பொருளையும் இரண்டு இரண்டாம்நிலைகளோடும் தனித்தனியாகப் போட்ட கவர் ஸ்லிப்புகளை முதலில் பார்ப்பேன். லிப்போசோமை எதிர்ப்பொருள் வாங்கும் முன்பே தயாரித்துக்கொள்வேன். அயனோமைசினுக்குப் பதிலாக, ராபமைசின் சேர்த்ததும் செல் சவ்வுக்கு மட்டும் ஓடி 5-ஆம் இடத்து ஃபாஸ்ஃபேட்டை வெட்டும் நொதியைச் செல்லில் வைப்பேன். அதற்கான பிளாஸ்மிட் கேட்டு எழுதியிருக்கிறேன். பதப்படுத்தித் திறந்த செல்லின்மேல் தூய 5-ஃபாஸ்ஃபட்டேஸை ஊற்றி ஸ்பெக்கிள் ஒளி அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் இன்னும் செய்யாமல் இருக்கும் நேரடிச் சோதனை. அந்த நொதியும், செயலிழக்கச் செய்த அதன் மாற்று வடிவமும் இப்போது ஈ.கோலையில் வளர்ந்துகொண்டிருக்கின்றன.